திருகோணமலை: காற்றை இறக்கி ஓடிய நாலு நாள்

பெப்ரவரி 20, 2025, வியாழன் – உப்புவெளி

மச்சான் தன்ர கெப்பை, பிக்கப் வாகனத்தை, விற்கப் போகிறார். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் இல்லை.

2020 மார்ச்சில் பூட்டிய வாகன இறக்குமதிக் கதவு இந்த மாதம் முதலாம் திகதி திறந்ததிலிருந்து மனிதனுக்கு நித்திரை இல்லை. அந்த ஐந்து வருசமும் பழைய வாகனம் வைத்திருந்தவன் எல்லாம் பணக்காரன். இனி விலை விழும் என்று ஒருவர் சொல்கிறார். போட்டிருக்கிற வரிக்குப் புதுசை ஆர் தொடுவான், பழசு விழாது என்று இன்னொருவர். "விழமுதல் தள்ளுவம்" என்று முடிவு. தள்ளமுதல் அதில் ஒருக்கா காடு மேடு பார்ப்பம் என்று நான் கேட்டேன்.

ஹைலக்ஸ் டபிள் கெப், 2017, 2.4 லீற்றர் டீசல், ஓட்டோ கியர். டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கிறது: எச் 2 இரண்டு சில்லு இழுவை, எச் 4 நாலு சில்லு இழுவை, எல் 4 அதே நாலு சில்லு மெதுவாக, கூடின பலத்தோடு. வாங்கின நாளிலிருந்து அந்தக் குமிழ் எச் 2 ஐ விட்டு அசைந்ததில்லை. யாழ்ப்பாணம், கொழும்பு, யாழ்ப்பாணம். நடுவில் ஒருதரம் கதிர்காமம். கலியாண நகையை வங்கிப் பெட்டியில் வைத்திருப்பது மாதிரி நாலு சில்லு இழுவையை வைத்திருந்திருக்கிறார்.

வவுனியாவில் திரும்பி ஹொரவப்பொத்தானைப் பக்கத்தால் வந்தோம். ஒரு சிங்களக் கடையில் பிளேன்டீ 60 ரூபாய், மீன் பணிஸ் 120. கடைக்காரர் வானத்தைப் பார்த்து, பிறகு எங்களைப் பார்த்து, கையால் தும்பிக்கை காட்டினார். பொழுதுபட்டால் இந்த றோட்டில் ஆனை. மச்சான் மீதிப் பணிஸை வாயில் வைத்துக்கொண்டே வாகனத்தை எடுத்தார்.

இருட்டமுதல் உப்புவெளி. நண்பர் ஒருவர் இங்கே ஜிம்னி என்ற சின்ன ஜீப் வைத்திருக்கிறார், பச்சை நிறம், பெட்டி மாதிரி. இனி அவர் பெயர் ஜிம்னிக்காரர். "ரெண்டு வாகனம் இல்லாமல் மண்ணுக்குள்ள இறங்கிறேல்லை" என்பது அவருடைய சட்டம். இரவு கோட்டைப் பக்கம் நடந்தோம். புள்ளிமான்கள் மாடு மாதிரித் திரிகின்றன. ஒன்று லஞ்சீற்றை, சோறு சுற்றும் பொலித்தீன் தாளை, நக்கிக்கொண்டு நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. கோணேசர் கோயிலில் வாற புதன்கிழமை சிவராத்திரிக்குப் பந்தல் கட்டுகிறார்கள். கோழிக் கொத்து 950. இருவர் சாப்பிட்டும் மிச்சம்.

பெப்ரவரி 21, வெள்ளி – நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை

காலை ஆறரைக்கு இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல். இடியப்பம் ஒன்று 15 ரூபாய். மச்சான் பதின்மூன்று சாப்பிட்டார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

இறக்கக்கண்டிப் பாலம் கடந்து வடக்கே போகப் போக வீதி நன்றாகத்தான் இருக்கிறது. கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி எல்லாம் தார்க் கார்பெட் போட்ட றோட்டு. நாங்கள் தேடியது அதை அல்ல. புல்மோட்டைக்குக் கிட்ட, கடலுக்குப் போகும் மணல் வழி ஒன்றை ஜிம்னிக்காரர் அறிவார். மீன்காரரின் ட்ரக்டர் போய்வந்து இரண்டு கோடாகக் கிடந்தது. நடுவில் அடம்பன் கொடி.

ஜிம்னி முன்னுக்குப் போனது. போனது என்ன, கோழிக்குஞ்சு மாதிரி மணலுக்கு மேலால் ஓடியது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோதான் அதன் பாரம். எங்கள் கெப் கிட்டத்தட்ட இரண்டு தொன். மச்சான் பெருமையாகக் குமிழை எச் 4 க்குத் திருப்பினார், பச்சை விளக்கு வந்தது, முப்பது யார் தூரம்கூடப் போயிருக்கமாட்டோம். வாகனம் இளைத்தது. அவர் மிதித்தார். எஞ்சின் ஏறவில்லை. கீழே கட்கட்கட் என்று ஒரு சத்தம், டாஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மின்னுது. நின்றுவிட்டோம்.

"என்னடாப்பா, மிதிக்க மிதிக்க இழுக்குதில்லை!"

இந்த இடத்தில் ஜிம்னிக்காரர் ஒரு வகுப்பு எடுத்தார். ஒரு சில்லு வழுக்கிச் சுத்தினால் கொம்பியூட்டர் அந்தச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் டிபரென்ஷல், இரண்டு பக்கச் சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற பற்சில்லுப் பெட்டி, மற்றப் பக்கச் சில்லுக்கு இழுவையைக் கொடுக்கும். கட்கட் அதன் சத்தம். கல்லிலும் கிடங்கிலும் அது கெட்டித்தனம். மணலில் நாலு சில்லும் கொஞ்சம் கொஞ்சம் வழுக்கத்தானே செய்யும்? கொம்பியூட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் பிடித்து, எஞ்சினையும் அடக்கிவிடுகிறது. மணலில் வேண்டியது ஓட்டத்தின் வேகம், அதைத்தான் அது கொல்லுகிறது. அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அமத்தி விடவேண்டும்.

"அதைவிட முக்கியம், காத்தைக் கழட்டுங்கோ."

டயரில் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. இருந்தது. வால்வை ஈர்க்கிலால் அமத்தி 16 க்கு இறக்கினோம். ஒரு சில்லுக்கு இரண்டு நிமிசம் பிடித்தது. நான் குந்தியிருந்து பார்த்தேன். டயர் பக்கவாட்டில் பிதுங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பெரிய மாற்றம் நீளத்தில். நிலத்தில் படும் தடம் முன்னும் பின்னும் நீண்டுகொண்டு போனது. அந்தத் தடத்தில் பாரம் பரவினால் மணலை வெட்டாது, மிதிக்கும். சின்ன வயதில் மணற்காட்டில் பெரியப்பாவின் சைக்கிளுக்கு இதைத்தான் செய்தோம். அப்போது அது விஞ்ஞானம் என்று தெரியாது, பெரியப்பா காதைத் திருகினார்.

மச்சான் பின்னுக்கு எடுத்தார், தன் தடத்திலேயே. பிறகு முன்னுக்கு. கெப் ஒன்றுமே நடக்காதது மாதிரிப் போனது. அதே வாகனம், அதே மணல், அதே மச்சான். எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. நிறுத்தும்போதும் பிரேக் பிடிக்கக்கூடாதாம். பிடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து அணை கட்டிவிடும். காலை எடுத்துவிட்டு, தானாக நிற்க விடவேண்டும்.

ஈரக் கரைக்கு நாங்கள் இறங்கவில்லை. ஆமை முட்டையிடும் கடற்கரை இவை. ட்ரக்டர் வழி எங்கே முடிந்ததோ அங்கே நிறுத்திவிட்டு நடந்தோம்.

அரிசிமலைக் கடற்கரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், நம்பவில்லை. கையில் அள்ளினால் உண்மையிலேயே அரிசிதான். குறுணி இல்லை, முழு மணி. சற்றுத் தள்ளி புல்மோட்டையின் கறுப்பு மணல். இல்மனைற் என்ற தாது. ஒரு சோடாப் போத்தலில் அதையும் இன்னொன்றில் சாதாரண மணலையும் நிரப்பித் தூக்கிப் பார்த்தேன், கறுப்பு ஒன்றே முக்கால் மடங்கு பாரம் இருக்கும். இந்தக் கறுப்பிலிருந்துதான் வெள்ளைப் பெயின்றுக்குரிய வெள்ளை எடுக்கிறார்கள் என்பதை மச்சான் நம்ப மறுத்தார்.

திரும்பி வரும்போது விதி. காற்றை ஏற்றவேண்டிய இடத்துக்கு இருநூறு யார் முன்னால் வழி வளைகிறது. மச்சானுக்கு மணல் பிடிபட்டுவிட்டது, கை துள்ளுகிறது. வேகமாக ஸ்ரியரிங்கை ஒடித்தார். முன் இடது பக்கம் "புஸ்" என்று இருந்தது. இறங்கிப் பார்த்தால் டயர் ஓட்டையில்லை, ஆணியில்லை, றிம்மை விட்டு வெளியே வந்துவிட்டது. காற்றுக் குறைந்த டயரை உள்ளிருந்து றிம்மில் அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லை. அந்த நிலையில் வேகமாக ஒடிக்கக்கூடாது என்று காலையில் வகுப்பில் சொன்னதாக ஜிம்னிக்காரர் சொன்னார். சொல்லவில்லை.

ஸ்பெயர் சில்லு? இருந்தது. ஏழு வருசம் கெப்புக்கு அடியில் தொங்கி, அதை இறக்கும் சங்கிலி துருவேறி இறுகிப்போய் இருந்தது. எங்களிடம் இருந்த சிகரெற் சொக்கெற்றில் பொருத்தும் கொம்பிரசர் பத்து நிமிசம் கத்தியது. அடிக்க அடிக்க காற்று விளிம்பால் போய்க்கொண்டிருந்தது. ஜிம்னியில் புல்மோட்டைக்குப் போனோம். டயர் கடை பூட்டு. பக்கத்துக் கடை பூட்டு. தேத்தண்ணிக் கடையும் பூட்டு. நேரம் 12.20, வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை. எங்களுக்கு மூளை அப்போதுதான் வேலை செய்தது.

கடை வாசல் வாங்கில் இருந்தோம். வெயில் தகரத்தில் அடித்து முகத்துக்கு வந்தது. ஒன்றே காலுக்குப் பிறகு வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் சைக்கிளில் வந்தார், அறுபது வயது இருக்கும். கதையைக் கேட்டார். முதல் கேள்வி டயரைப் பற்றி இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை, பரவாயில்லை நானா, முதல் டயரைப் பாப்பம் என்றேன். "டயர் எங்கயும் ஓடாது மகன், காத்து இல்லையே" என்றார். வீட்டிலிருந்து சோறு, மாட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய் வந்தது. ஜிம்னிக்காரர் சைவம், அவருக்குத் தனியாக முட்டையில்லாமல் பருப்பும் பப்படமும். அதையும் அவர்களே கேட்டு அறிந்தார்கள்.

பிறகு அவர் எடுத்துக்கொண்டு வந்த சாமான்: ஒரு நைலோன் கயிறு, ஒரு இரும்புக் கம்பி, ஒரு கிண்ணம் சவர்க்காரத் தண்ணீர், பழைய துணி. இவ்வளவுதான். ஜக் வைத்துச் சில்லைத் தூக்கினார், ஜக்குக்கு அடியில் எங்கள் ரப்பர் மிதியடி, இல்லாவிட்டால் ஜக் மணலுக்குள் போய்விடும். றிம்மின் விளிம்பில் ஒட்டியிருந்த மணலைத் துணியால் ஒரு சுற்று முழுக்கத் துடைத்தார், அவசரமே இல்லை. சவர்க்காரத் தண்ணீர் தடவினார். கயிற்றை டயரின் நடு வயிற்றில் சுற்றிக் கட்டி, கம்பியைச் செருகி முறுக்கினார். முறுக்க முறுக்க நடு ஒடுங்கி, டயரின் இரு விளிம்பும் வெளியே விரிந்து றிம்மைத் தொட்டன. அப்புறம் வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஊசி இல்லாவிட்டால் காற்று தடையில்லாமல் உள்ளே பாயும்.

"உங்க மிசினைப் போடுங்க."

காலையில் கத்திக் களைத்த அதே கொம்பிரசர். ஒரு நிமிசம் ஒன்றும் இல்லை. பிறகு "டொக்". கொஞ்சம் நின்று, இன்னொரு "டொக்". மச்சான் கைதட்டிவிட்டார்.

ஆயிரம் ரூபாய் எடுத்தார். இரண்டாயிரம் நீட்டினேன், ஒன்றைத் திருப்பித் தந்தார். ஊசியை வால்வில் போட மறந்து மூன்று பேரும் அதைத் தேடினோம். அவர் பையில் இருந்தது.

பெப்ரவரி 22, சனி – கிண்ணியா, மூதூர், சம்பூருக்கு அப்பால்

இரவு மழை தூறியது. பெரும்போக வெட்டு நேரம், வயல்காரர் முகங்களில் சிரிப்பு இல்லை.

கிண்ணியாப் பாலத்தில் நின்று படம் எடுக்காதவர் எவரும் இல்லை. 2009 இல் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள், ஏறக்குறைய நானூறு மீற்றர். அதற்கு முந்திப் பாதையில், அதாவது மிதவைப் படகில், வாகனத்தை ஏற்றிக் காத்திருந்த கதையை ஜிம்னிக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்வாராம், இந்த முறையும் சொன்னார். பாலம் கடந்ததும் முட்டித் தயிர் 450. கட்டி, கரண்டி நட்டால் நிற்கும். பாணி தனிக் காசு.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம். 1660 இல் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்த இடம். பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த ஒதுங்கினவர், பத்தொன்பது வருசம் கழித்துத்தான் தப்பினார். வாகனம் பழுதாகி அந்நிய ஊரில் நிற்பதைப் பற்றி நேற்றிலிருந்து எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. எங்களுக்குச் சோறு தந்து அனுப்பினார்கள், அவ்வளவே வித்தியாசம்.

சம்பூரில் ஒரு கடையில் தேத்தண்ணி. 2006 இல் சண்டையால் வெளிக்கிட்ட சனம், 2015 க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்த ஊர். புது வீடுகளுக்கு இடையில் பழைய கிணறுகள். "லைற் ஹவுஸ் பக்கமோ? போகலாம், ஆனால் வழியை விட்டுப் பத்தைக்குள்ள வாகனத்தை விடாதேங்கோ" என்றார் கடைக்கார அம்மா. இப்போதும் கண்ணிவெடி ஆபத்து உண்டோ என்று கேட்டேன். "இல்லை. பழகிப்போச்சு, சொல்லுவம்" என்றார்.

கிறவல் றோட்டு முடிந்ததும் சிவப்புச் சேறு. ட்ரக்டர் சில்லு போன பள்ளங்கள், நடுவில் கழுதை முதுகு மாதிரி மேடு. ஒரு இடத்தில் முழு வழியையும் மறித்துத் தண்ணீர் தேங்கியிருந்தது, பத்து யார் அகலம். நேற்று மணலில் பறந்த ஜிம்னி இங்கே நின்றுவிட்டது. அதற்குச் சொல்லியிருக்கிற ஆழம் முழங்காலுக்குக் கீழே. ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீற்றர். மச்சான் எஞ்சினை இரைத்தார்.

"இறங்கி நட" என்றார் ஜிம்னிக்காரர். மச்சான் இறங்கவில்லை. நான் சாரத்தை மடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் குளிர். அடி வழுக்கல், ஆனால் களிக்குக் கீழே கெட்டி. நடுவில் தொடைப் பாதி. வலது பக்கம் ஒரு மரக்குற்றி கிடந்தது, மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. அதில் முட்டினால் கதை வேறு. 700 மில்லிமீற்றர் என்று கைநூலில் எழுதினவர் மரக்குற்றியை எண்ணியிருக்கமாட்டார்.

எல் 4 போடுவம் என்று தீர்மானம். எல் 4 இல் சில்லு இரண்டரை மடங்கு மெதுவாகச் சுத்தும், இழுவை அந்த மடங்கு கூடும். நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் போட்டு, குமிழைத் திருப்பவேண்டும். மச்சான் திருப்பினார். விளக்கு மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிசம். ஏழு வருசம் கூப்பிடாத ஆளை நடுச்சாமத்தில் கூப்பிட்டால் எழும்புவானா? கையுறைப் பெட்டியில் கைநூல் பொலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்தது. பிரித்து வாசித்தேன். மாதம் ஒருதரமாவது 16 கிலோமீற்றர் நாலு சில்லு இழுவையில் ஓடு, அப்போதுதான் முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் படும் என்று எழுதியிருக்கிறது. மச்சான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எச் 4 க்குத் திருப்பி, இரண்டு அடி முன்னுக்கு, இரண்டு அடி பின்னுக்கு உருட்டி, திரும்ப முயன்றோம். மூன்றாம் தரம் அடியில் "கடக்" என்றது. விளக்கு மின்னுவதை நிறுத்தியது.

தண்ணீருக்குள் மனிதன் நடக்கிற வேகத்தில் போனது. முன்னால் ஒரு சின்ன அலை எழும்பி கூடவே வந்தது. அதைத் தாண்டாமல் அதன் பின்னாலேயே போகவேண்டுமாம், அலைக்குப் பின்னால் எஞ்சின் பக்கம் தண்ணீர் தாழ்ந்திருக்கும். அக்கரை ஏறும்போது இடது முன் சில்லு ஒரு கிடங்கிலும் வலது பின் சில்லு இன்னொரு கிடங்கிலும் அந்தரத்தில் தொங்கின. பழைய ஜீப்பாக இருந்தால் அந்த இரண்டும் சும்மா சுத்திக்கொண்டு நிற்கும். கட்கட்கட். நேற்று எங்களை மணலில் நிறுத்தின அதே சத்தம் இன்று சுத்துகிற சில்லைப் பிடித்து, நிலத்தில் இருக்கிற சில்லுக்கு இழுவையைத் திருப்பிவிட்டது. மச்சான் விசையை இம்மியளவும் கூட்டவில்லை. வாகனம் தானே யோசித்துத் தானே ஏறினது மாதிரி இருந்தது.

திறம்! என்று அவர் கத்தினதும், "இன்னொருக்கா" என்று எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. திரும்பவும் இறங்கினோம். இரண்டாம் முறை நான் ஓட்டினேன், கொஞ்சம் கூட மிதித்தேன், சேறு கூரை வரைக்கும் அடித்தது. நல்ல வீடியோ.

அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு ஒரு பெரியவர் நின்றார். பின்னுக்கு ஒரு மீன் பெட்டி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

"தம்பியவை, நீங்கள் ஒருக்கா போனால் போயிடுவியள். சில்லு சுத்தி இந்தக் கிடங்கு இன்னும் ஒரு சாண் இறங்கிப்போச்சு. நாளைக்குக் காலமை நான் இதுக்குள்ளாலதான் மீன் கொண்டுபோகவேணும்."

பார்த்தால் உண்மைதான். முதல் தரம் மெதுவாகப் போன தடம் தட்டையாகக் கிடந்தது. என் தடம் உழுதுபோட்ட மாதிரி. மச்சான் ஒன்றும் பேசாமல் பின் பெட்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். முக்கால் மணித்தியாலம் கல்லும் கொப்பும் போட்டு நிரப்பினோம். பெரியவர் மூன்று தரம் "போதும் தம்பி" என்றார், ஆனால் போகவில்லை, எந்தக் கல் எங்கே வைக்கவேண்டும் என்று காட்டிக்கொண்டு நின்றார். வீடியோவை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

வெளிச்சவீடு வெயிலில் தனியாக நிற்கிறது, அடியில் ஆடுகள். ஆங்கிலேயர் காலத்துக் கட்டடம். கொட்டியாரக் குடா முழுக்கத் தெரியும், அக்கரையில் கோணேசர் மலை நீலமாக. காற்று தொப்பியைக் கொண்டுபோனது. கொண்டுவந்த தயிரை, துருவி முடித்த தேங்காய்ச் சிரட்டையில் போட்டுச் சாப்பிட்டோம், கரண்டி கொண்டுவர ஒருவரும் நினைக்கவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு – கன்னியா, திரும்பல்

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு. வரிசையில் நின்று வாளியால் வார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாள் ஸ்ரியரிங் பிடித்த தோளுக்கு மூன்றாவது கிணறு இதம். ஐந்தாவதில் மச்சான் அலறினார், பின்னால் நின்ற ஆச்சி "மெல்ல வாரு ராசா" என்று சிரித்தார்.

வாகனத்துக்கும் குளிப்பு. உப்புக் காற்றிலும் சேற்றிலும் ஓடின வாகனத்தை மேலே மட்டும் கழுவினால் அடி துருப்பிடித்துவிடும் என்பதால் சேர்விஸ் நிலையத்தில் வாகனம் தூக்கும் மேடையில் ஏற்றினோம். அடிக்கழுவல் 2,500. பெடியன் தண்ணீரைப் பீச்ச, சிவப்புச் சேறு கட்டி கட்டியாக விழுந்தது. ஸ்பெயர் சில்லுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு அசைத்துப் பார்த்தோம், இப்போது இறங்குகிறது. டயர்கள் நாலும் 32.

அந்த நேரம் பார்த்து மச்சானின் போன். கெப்பை வாங்கக் கேட்டிருந்த கிளிநொச்சிக்காரர். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, ஒண்டு மட்டும் கேக்கிறன். நாலு சில்லும் போட்டு ஓடினதே? உள்ளதைச் சொல்லுங்கோ."

வாகனம் விற்கிற எல்லாருக்கும் இதற்கு ஒரே பதில்தான்: ஒருநாளும் இல்லை, கல்லு றோட்டே கண்டதில்லை. மச்சானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மேலே பார்த்தார். அச்சிலிருந்து கறுப்பு மணல் நூல் மாதிரி வடிந்துகொண்டிருந்தது.

"ஓடினது தம்பி. நேற்றுத்தான் ஓடினது. அதாலதான் இப்ப எல் 4 வேலை செய்யுது."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு எடுக்கிறேன் என்றார்.

இதை எழுதும்போது செவ்வாய் இரவு. இன்னும் எடுக்கவில்லை. மச்சான் இன்று பின்னேரம் குமிழை எச் 4 க்குத் திருப்பிக்கொண்டு சுண்டிக்குளம் பக்கம் போனாராம், பதினாறு கிலோமீற்றர் ஓட்டவேணும் என்று.